ஏரிக்குள் ஆறு கூடாரங்கள்

1971, மார்ச், மூன்றாம் வாரம். சென்னைப் பள்ளி ஒன்றின் சாரணர் படையிடமிருந்து எங்கள் பள்ளிக்குக் கடிதம் வந்தது. கோடை விடுமுறையில் மூன்று நாள் கூட்டு முகாம். சென்னையிலிருந்து காலையில் புறப்பட்டால் முற்பகலுக்குள் வந்து சேரும்படி, காஞ்சிபுரத்தைச் சுற்றிக் கூடாரம் அடிக்க நல்ல இடம் பார்த்துத் தரும்படி கேட்டிருந்தார்கள்.

ஏப்ரல். நான்கு ஞாயிறுகளில் நான்கு இடங்கள் பார்க்கப்பட்டன. நான்காவது ஏற்கப்பட்டது.

மே, இரண்டாம் சனி, காலை பத்து மணி. ஆறு கூடாரங்கள் நிறுத்தப்பட்டிருந்தன.

மறுநாள் ஞாயிறு, பிற்பகல் மூன்றரை. மழை தொடங்கியது. நாலேகாலுக்குள் ஆறு கூடாரங்களும் விழுந்தன. சென்னை மாணவன் ஒருவனுக்கு வலது முன்கை முறிந்தது.

திங்கள் காலை. முகாம் கலைக்கப்பட்டது.

புதன். தலைமை ஆசிரியர் அறையில் விசாரணை. இடத்தைத் தேர்ந்தவர் என்று பதிவானது: அணித்தலைவர்.

ஜூன், பள்ளி திறந்த நாள். அணித்தலைவர் வரவில்லை.

மேலே உள்ளவற்றில் பொய் ஏதும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நில அளவையியல் கற்பித்தவன் நான். பொய்யே இல்லாத ஒரு பதிவில் எவ்வளவு பிழை ஒளிந்திருக்க முடியும் என்பதை அறிவேன். அந்த அணித்தலைவர் என் அண்ணன். அவனுக்கு அப்போது பதினாறு வயது, எனக்குப் பன்னிரண்டு. சென்ற தை மாதம் அவன் இறந்தான். அதன்பின் என்னால் ஓரிடத்தில் அரைமணி நேரம் உட்கார முடிவதில்லை. இந்தப் பக்கத்தை எழுதி முடிப்பதற்குள்ளேயே மூன்று முறை எழுந்து கூடத்தைச் சுற்றி வந்துவிட்டேன். என் வயதை ஒத்தவர்கள் இதைப் படிக்கக்கூடும். அந்தப் படையில் இருந்தவர்களும் உங்களில் இருக்கலாம். முக்கியமாக உங்களுக்குத்தான் இது.

உட்கார முடியாதவன் உண்மையில் அண்ணன்தான். சாப்பிடும்போதுகூட ஒரு முழங்காலை உயர்த்தி, ஓட்டத்துக்குத் தயாரானவன்போல் இருப்பான். வகுப்பில் கடைசி வரிசையைக் கேட்டு வாங்கியது படிக்காமல் இருப்பதற்காக அன்று, நின்றுகொள்ளலாம் என்பதற்காக. அப்பா தறியில் இருக்கும்போது அவர் முதுகுக்குப் பின்னால் இவன் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "ஏன்டா, காலுல சக்கரம் கட்டிக்கினு பொறந்தியா?" என்பார் அப்பா. அண்ணன் உடனே வாசலுக்குப் போய்விடுவான். அவனை ஒழுங்காக நிற்க வைத்த ஒரே இடம் சாரணர் படை. சாரணத்தில் நடப்பதற்கு மதிப்பெண் உண்டு.

அந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் அவன் கணக்கில் தவறியிருந்தான். மேல்வகுப்புக்கு ஏற்றுவதா வேண்டாமா என்பது ஜூனில் முடிவாக வேண்டும். எங்கள் சாரண ஆசிரியர் சின்ன காஞ்சிபுரத்துக்காரர், நெற்றியில் திருமண் கலையாமல் காக்கி உடுத்துபவர். அவர் தலைமை ஆசிரியரிடம் போய்ப் பேசினார். பையன் பொறுப்பானவன், இடம் பார்ப்பது முதல் முகாம் முடியும்வரை அவனிடம் விடுகிறேன், நல்லபடியாக நடத்திக் காட்டினால் ஏற்றிவிடலாம் என்றார். தலைமை ஆசிரியர் இசைந்தார். அப்பாவும் தம் பங்கைச் சொல்லிவிட்டார்.

"கூடாரம் ஒழுங்கா நடந்துச்சுன்னா ஸ்கூலு. இல்லன்னா ஜூன் மாசம் வந்து தறில குந்து. அவ்ளோதான் பேச்சு."

சென்னைக் கடிதம் ஆங்கிலத்தில், தட்டச்சில் இருந்தது. வீட்டில் அதைப் படித்துப் பொருள் சொன்னவன் நான். எட்டு நிபந்தனைகள்: சமமான தரை, குடிநீர், நிழல், கூடார முளை இறங்கும் மண், சாலைக்கு அருகாமை, உரியவர் சம்மதம், சந்தையும் சுடுகாடும் அண்டையில் இல்லாமை, விறகு. சமமான தரை முதலில் இருந்ததால் அதுவே தலையாயது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அப்பாவின் சைக்கிளில், பின்னிருக்கையில் நான். என் வேலை குறிப்பெடுப்பது. எனக்கு எழுத்து அழகாக வரும் என்பதால் அண்ணன் என்னை அணியில் சேர்த்திருந்தான். முதல் ஞாயிறு பாலாற்றுக்குப் போனோம். கண்ணுக்கு எட்டிய வரை மணல், காலை வெயிலிலேயே கண் கூசியது. அண்ணன் முளையை நட்டுச் சுத்தியால் இரண்டு தட்டு தட்டினான். அது சுகமாக இறங்கியது. கயிற்றைக் கட்டி இழுத்ததும் அதே சுகத்தோடு வெளியே வந்தது. ஊற்றுத் தோண்டிக் குடத்தில் நீர் மொண்டுகொண்டிருந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா பா, ஆத்த இழுத்துக்கினு போப் போறியா?" என்றாள் ஒருத்தி.

"கூடாரம் அடிக்கிறோம்கா."

"அடி, அடி. காத்து வந்தா நீயும் உன் கூடாரமும் மெட்ராசுக்கே போய்ச் சேந்துடலாம். பஸ்சு கூட வேணாம்."

அண்ணனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். நான் குறிப்பேட்டில் 'முளை நிற்கவில்லை' என்று மட்டும் எழுதினேன்.

அடுத்த ஞாயிறு திருப்பருத்திக்குன்றம். ஊருக்கு வெளியே ஒரு புளியந்தோப்பு, கிணறு, சமணக் குடும்பம் ஒன்றின் நிலம். வீட்டுக்காரர் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"ராத்திரில தீ மூட்டிப் பாடுவீங்க இல்ல?"

"ஆமா சார். கேம்ப் ஃபயர்."

"நாங்க பொழுதோட சாப்பிட்டு முடிச்சிடுவோம் தம்பி. வெளிச்சத்துல பூச்சி வந்து விழும்னுதான். நீங்க தோப்பு நடுவுல அவ்ளோ பெரிய தீ வெச்சீங்கன்னா எத்தனை விழும்? தப்பா நெனைக்காதீங்க."

தீ மூட்டாமல் இருக்கிறோம் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தான். சென்னைப் பிள்ளைகளுக்கும் சேர்த்து வாக்குக் கொடுக்க உன்னால் முடியுமா என்று அவர் கேட்டார். முடியாது என்று ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டான். அந்த நேர்மையை அன்று நான் கோழைத்தனம் என்று நினைத்தேன்.

மூன்றாவது மாகறல். அங்கே ஒரு விவசாயி, ஊரில் செல்வாக்குள்ளவர், மாந்தோப்பையே தருவதாகச் சொன்னார். திறப்பு விழாவுக்குத் தம் கட்சிப் பிரமுகர் வந்து அரைமணி நேரம் பேசுவார், வரவேற்பு வளைவு போடவேண்டும் என்றார். "பசங்க குந்திக்கினுதானே இருக்கப் போறாங்க, கேக்கட்டுமே." அண்ணனுக்கு அரைமணி நேரம் உட்காருவது என்ற எண்ணமே போதுமாக இருந்தது. தூரமும் அதிகம். திரும்பும் வழியில் அவன் மிதித்த வேகத்தில் சங்கிலி இரண்டு முறை கழன்றது. ஏப்ரல் முடிய ஒரு ஞாயிறுதான் மீதி.

நான்காவது இடம், முசரவாக்கத்துக்குப் போகும் வழியில் ஓர் ஏரி. கரையின் ஒரு முனையில் மேடு. அதன்மேல் வேம்பும் புங்கமுமாக ஒரு சின்னத் தோப்பு, நடுவில் கைப்பம்பு. அண்ணன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மேட்டில் ஏறி, நான்கு பக்கமும் நடந்து, திரும்ப வந்து, மறுபடி நடந்தான். அவன் முகம் அன்றுதான் தெளிந்தது. ஆனால் மேடு சரிவாக இருந்தது. வேர்களும் கற்களும் உண்டு. ஆறு கூடாரங்களையும் ஆறு உயரத்தில், ஆறு திசை பார்த்துத்தான் நிறுத்த முடியும்.

நான் கரையின் மறுபுறம், ஏரியின் உள்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடையில் நீர் வற்றி, வண்டல் காய்ந்து, குட்டைப் புல் படர்ந்திருந்தது. அப்படியொரு சமதரையை நான் அதற்குமுன் கண்டதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குத் தரை என்றால் பாவு விரிக்கும் தரைதான். பொழுது விடிவதற்குள் தெருவின் இரண்டு பக்கமும் கட்டைகளை நட்டு, மூன்று புடவைக்கான பட்டிழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். அறுந்த இழையை முடிந்துகொண்டே அப்பாவும் அம்மாவும் பக்கவாட்டில் நடப்பார்கள். கஞ்சி வாடை ஈரக்காற்றில் நிற்கும். தெருவில் ஒரு பள்ளம் இருந்தால் பாவு தொய்யும். ஒரு மேடு இருந்தால் இழை உரசும். ஆகவே எங்கே போனாலும் எங்கள் கண் முதலில் நீளத்தையும் மட்டத்தையும் அளக்கும். மட்டமாக இருந்தால் நல்ல இடம். அந்த மட்டம் எப்படி உண்டாயிற்று என்று கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. தெருவை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

"இங்க அடிக்கலாம்ணா," என்றேன். "மேட்ல பாவு விரிச்சா பாதி வானத்துல இருக்கும், பாதி பாதாளத்துல இருக்கும்."

"நாம பாவா விரிக்கப் போறோம்?" என்றான்.

அப்போதுதான் ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் கரையிலிருந்து இறங்கி வந்தார். கையில் தொரட்டி, வாயில் வெற்றிலை. நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"மேட்லயே அடி பா. கீழ படுத்தா ஏரி உன்னைத் தேடிக்கினு வரும்."

"சித்திரைலயா?" என்று நான் கேட்டேன்.

"அதுக்கு மாசம் தெரியுமா? நீ இஸ்கோலுக்குப் போற புள்ள, நீதான் சொல்லிக் குடேன்."

அண்ணன் சிரித்தான். என் காது சுட்டது. அறிக்கையில் 'ஏரிக்கரை மேடு, தோப்பு' என்று அவன் சொல்லச்சொல்ல நான்தான் எழுதினேன். ஆசிரியர் ஒருநாள் மாலை வந்து மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டார்.

முகாம் தொடங்கும் சனிக்கிழமை விடிகாலையில் நாங்கள் எட்டுப் பேர் மாட்டுவண்டியில் கூடாரங்களோடு போய்ச் சேர்ந்தோம். கித்தானில் பழைய மழைகளின் புளித்த வாசம். மூங்கில் கம்புகள், ஒரு சாக்கு நிறைய முளைகள், ஒரு கட்டுக் கொடிகள். சென்னைப் படையை எதிர்கொண்டு அழைத்துவர அண்ணன் ரயில் நிலையம் போக வேண்டியிருந்தது. கொடிகளை என் கையில் கொடுத்தான். "தோப்புக்குள்ள, நான் காட்டின ஆறு எடத்துல நடு. நட்ட எடத்துல பசங்க கூடாரத்த ஏத்திடுவாங்க. நான் வர்றதுக்குள்ள முடிச்சிடு."

நான் கொடிகளோடு மேட்டில் ஏறினேன். முதல் இடம் சரிவு. இரண்டாவதில் வேர். சென்னைப் பிள்ளைகள் வந்து பார்த்துச் சிரிப்பார்கள் என்று தோன்றியது. அவர்கள் மெத்தைகளில் தூங்குபவர்கள், ஆங்கிலத்தில் கடிதம் எழுதுபவர்கள், நிபந்தனைகளில் முதலாவதாகச் சமதரையைக் கேட்டவர்கள். இறங்கினேன். ஏரிக்குள் போனேன். அடிக்கோல் இல்லாமல், வெறும் கண்ணால், ஆறு கொடிகளையும் ஒரே நேர்கோட்டில் நட்டேன். அணிப் பையன்கள் ஒருவரும் கேட்கவில்லை. அவர்களில் ஐவர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். தரையைப் பார்த்ததும் அவர்களுக்கும் முகம் மலர்ந்துவிட்டது. "சூப்பர்டா," என்று முளை அடிக்கத் தொடங்கினார்கள்.

பத்து மணிக்கு அண்ணன் சென்னைப் படையோடு வந்தான். கரைமேல் நின்றபடியே பார்த்தான். பிறகு இறங்கி என்னிடம் வந்து, உதடு அசையாமல் கேட்டான்.

"இன்னாடா இது?"

"நேரா வந்துச்சு."

"நான் எங்க நடச் சொன்னேன்?"

"மேட்ல வேருண்ணா. முளையே எறங்கல."

ஒரு முளையைக்கூட நான் அங்கே அடித்துப் பார்க்கவில்லை.

அதற்குள் ஆசிரியர் வந்துவிட்டார். வரிசையின் ஒரு முனையில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "பேஷ்! நூல் பிடிச்ச மாதிரி இருக்கே. இந்த வருஷம் முதல் பரிசு உன் அணிக்குத்தான்டா," என்று அண்ணனின் முதுகில் தட்டினார். சென்னைப் படையின் தலைவன், கண்ணாடி போட்ட உயரமான பையன், "ஃபைன் சைட்," என்றான். அண்ணன் ஆசிரியரிடம், மேட்டுக்கு மாற்றிவிடலாமா சார் என்று கேட்டான். அறிக்கையில் மேடு என்றுதான் இருந்தது. ஆசிரியர் அதை நினைவில் வைத்திருக்கவில்லை.

"ஏன்? இதுக்கு என்ன குறைச்சல்? வந்தவாளை வெயில்ல நிக்க வச்சுட்டு எல்லாத்தையும் பிடுங்கப் போறியா?"

அன்று மாலைக்குள் மாற்றிவிடுவது என்று அண்ணன் மனத்துக்குள் முடிவு செய்திருந்தான். எனக்கு அது தெரியும். தோப்புக்கும் ஏரிக்கும் இடையே அவன் எத்தனை முறை நடந்தான் என்பதை நான் எண்ணவில்லை. புல்லில் ஒரு தடமே விழுந்திருந்தது. அவன் மாற்றாமல் போனதற்கு ஒரே காரணம், ஐந்து மணிக்கு அப்பா வந்ததுதான்.

அப்பா இரவல் சைக்கிளில், ஒரு தூக்கு நிறைய இட்லியோடு வந்தார். தறியை விட்டுப் பகலில் அவர் எழுந்து வந்தது எங்கள் பள்ளி வாழ்க்கையில் அதுவே முதல் முறை. வரிசையின் நீளத்துக்கு நடந்தார். திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தரையை அழுத்திப் பார்த்தார்.

"ஒரு கல்லு இல்லியே. இங்க பாவு விரிக்கலாம்டா."

பிறகு அண்ணனின் தோளில் கை வைத்தார். நானறிந்தவரை அவர் அப்படிச் செய்தது அந்த ஒரு முறைதான். "எடம் பாக்கத் தெரிஞ்சிருக்குதுடா உனக்கு," என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு காலால் புல்லைச் சீய்த்தான். மேட்டைப் பற்றி அவன் அதன்பிறகு பேசவில்லை.

மறுநாள் காலை மண்வெட்டியோடு தொடங்கினான். தனியாளாக ஒவ்வொரு கூடாரத்தைச் சுற்றியும் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினான். சென்னைப் பையன்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன பாஸ், கோட்டை கட்டுறியா? முதலை எப்ப விடப் போற?"

"முதலைக்குச் சொல்லி அனுப்பியிருக்குது. நாளைக்கு வந்துரும்," என்றான் அண்ணன். அவர்கள் அவனை விரும்பத் தொடங்கியிருந்தார்கள். நான் மண்வெட்டியைத் தொடவில்லை. தொட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது.

மழை எங்கள்மேல் அதிகம் பெய்யவில்லை. மேற்கே வானம் கறுத்தது, இடி நகர்ந்து நகர்ந்து முழங்கியது, பெரிய துளிகள் கித்தானில் சடசடவென்று விழுந்து ஓய்ந்தன. பையன்கள் கூச்சலிட்டு நனைந்தார்கள். மேற்கே எங்கோ பெய்தது வரத்துக் கால்வாய் வழியே ஏரிக்குள் வருவதை முதலில் பார்த்தவர் கரைமேல் இருந்த ஆடு மேய்க்கும் அம்மா. அவர் கத்தியது எங்களுக்குக் கேட்கவில்லை. நீர் பாய்ந்து வரும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்போம். அது பாயவில்லை, பரவியது. விரல் கனத்தில், வைக்கோலையும் ஆட்டுப் புழுக்கையையும் எறும்புகளையும் சுமந்துகொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் வந்தது. அண்ணன் வெட்டிய வாய்க்கால்கள் நிரம்பி அடையாளமிழந்தன. காய்ந்த வண்டல் கூழாயிற்று. முளைகள் தாமாகவே கழன்றன. கூடாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, நட்ட வரிசையிலேயே, முனங்கிக்கொண்டு சரிந்தன.

சாமான் பெட்டியைக் காப்பாற்ற ஓடிய சென்னைப் பையன் சேற்றில் வழுக்கிக் கையை மடக்கி விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அண்ணன் இரண்டு முளைகளை வைத்து, தன் கழுத்துத் துணியையும் என் கழுத்துத் துணியையும் கொண்டு அந்தக் கையைக் கட்டினான். பையனை முதுகில் தூக்கிக்கொண்டு முழங்கால் நீரில் மேட்டுக்குப் போனான். ஆடு மேய்க்கும் அம்மா மற்றப் பிள்ளைகளைத் தொரட்டியை நீட்டிக் கரையேற்றினார். "சொன்னா கேக்க மாட்டேன்னீங்களே பா," என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மருத்துவமனையில் கட்டைப் பிரித்த டாக்டர், இதைக் கட்டியவன் கெட்டிக்காரன் என்றாராம். அது எந்தப் பதிவிலும் ஏறவில்லை.

புதன்கிழமை விசாரணையில் நாங்கள் ஐந்து பேர்: தலைமை ஆசிரியர், சாரண ஆசிரியர், அப்பா, அண்ணன், நான். மேசைமேல் சென்னைப் பள்ளியிலிருந்து வந்த கடிதம் கிடந்தது.

"இடம் யார் பார்த்தது?"

"நான்தான் சார்," என்றான் அண்ணன்.

"மேட்டுல ஒரு தோப்பு இருக்காமே?"

"இருக்குது சார்."

"தெரிஞ்சும் ஏரிக்குள்ள அடிச்சியா?"

 அறைக்குள் வந்தபின் முதன்முறையாக அண்ணனின் கால்கள் அசையாமல் இருந்தன. தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் வகுப்பில் முதல் மாணவன், அவருக்குத் தெரிந்தவன்.

"நீ சொல்லு. பயப்படாதே. இடத்தை உங்க அண்ணன்தான் முடிவு பண்ணினானா?"

சொல்ல வேண்டிய வாக்கியம் நான்கே சொற்கள்: கொடி நட்டது நான் சார். அது வாயில்தான் இருந்தது. நான் சொன்னது வேறு.

"இடத்தத் தேர்ந்தெடுக்கறது அணித்தலைவரோட பொறுப்பு சார்."

"பாருங்க, தம்பிக்கு எவ்வளவு தெளிவு," என்றார் தலைமை ஆசிரியர் அப்பாவிடம்.

சாரண ஆசிரியர் தம் தொப்பியை மடியில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். மாற்றலாமா என்று அண்ணன் கேட்டதும் தாம் மறுத்ததும் அவருக்கு நினைவிருந்திருக்கும். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெறுங்காலால் அழுத்திப் பார்த்த தரை அவருக்கும் நினைவிருந்திருக்கும். அந்த அறையில் உண்மையை அறிந்தவர்கள் நால்வர், ஆளுக்கு ஒரு பங்காக. அறியாதவர் தலைமை ஆசிரியர் ஒருவரே. அவர்தான் முடிவெடுத்தார். பெரியவர்கள் கண்டுபிடிப்பார்கள் என்று நான் அன்று காத்திருந்தேன். கண்டுபிடிக்காமல் இருப்பதில் அவர்களுக்கும் ஒரு வசதி இருந்தது என்பது எனக்கு நாற்பது வயதில்தான் உறைத்தது.

பள்ளி வாசலில் அண்ணன் சைக்கிளை எடுத்தான். நான் வழக்கம்போல் பின்னால் ஏறப் போனேன். "நடந்து வா," என்றான். அவ்வளவுதான். அவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். நான் வீடு வந்து சேர்ந்தபோது அவன் சாப்பிட்டு முடித்திருந்தான். "சோத்தப் போட்டுக்கினு தின்னு," என்று என்னிடம் சொன்னான். அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நாங்கள் எல்லாவற்றையும் பேசினோம். அந்த ஒன்றை மட்டும் பேசவில்லை.

"எடம் பாக்கத் தெரியாதவனுக்கு இன்னா படிப்பு," என்றார் அப்பா ஜூன் மாதத்தில். அண்ணன் தறியில் உட்கார்ந்தான். நன்றாகவே நெய்தான், நான் அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கூட்டுறவுச் சங்கத்தில் அவன் புடவைக்கு நல்ல பெயர். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தெருமுனைவரை நடந்து திரும்புவான். நாற்பது ஆண்டுகள் அப்படியே. உட்கார முடியாத ஒருவனை உட்காரவைத்தோம் என்று அம்மா ஒருமுறை சொன்னாள். 'தோம்' என்றதில் அவள் என்னைச் சேர்த்திருக்க மாட்டாள். நான் சேர்ந்துகொண்டேன்.

என் படிப்பைப் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. தடையின்றி நடந்தது. புதிய மாணவர்களிடம் ஆண்டுதோறும் முதல் வகுப்பில், நிலம் மட்டமாக இருந்தால் அதை மட்டமாக்கியது எது என்று முதலில் கேளுங்கள் என்பேன். அவர்கள் எழுதிக்கொள்வார்கள். எங்கே கற்றீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அண்ணனுக்குத் தெருவில் ஒரு பெயர் நிலைத்துவிட்டது: ஏரிக்கூடாரம். "ஏரிக்கூடாரம் வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள்கூடக் காட்டுவார்கள். அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தான். பதினாறாம் நாள் காரியத்தில், சாப்பாட்டுப் பந்தியில், நம் படையில் இருந்த ஒருவர் அந்தக் கதையை எடுத்தார். சித்திரையில் ஏரிக்குள் கூடாரம் அடித்த ஒரே ஆள் உலகத்திலேயே நம்ம ஆளுதான் என்றார். நல்ல மனிதர், அன்பினால்தான் சொன்னார். பந்தி முழுதும் சிரித்தது. அண்ணன் மகன் சிரித்தான், அவன் பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். துக்கம் தாளவில்லை என்று எண்ணி ஒருவர் என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அதையும் நான் மறுக்கவில்லை.

செய்யாமல் நிற்பவை:

அண்ணியிடம் சொல்வது. கொடி நட்டவன் நான் என்ற ஒரு வாக்கியம் போதும். எனக்கு வயது பன்னிரண்டு என்பதைச் சேர்க்கக் கூடாது.

அண்ணன் மகனிடம் சொல்வது. அவன் பிள்ளைகள் அருகில் இருக்கும்போது.

படையில் மிஞ்சியிருக்கும் நால்வருக்கும் தனித்தனியே எழுதுவது. இந்தக் கட்டுரையே அந்தக் கடிதம் என்று தப்பித்துக்கொள்ளாமல் இருப்பது.

அண்ணனிடம் சொல்வது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இது பட்டியலின் முதலில் இருந்தது. இப்போது கடைசிக்கு மாற்றியிருக்கிறேன். அடித்துவிடக் கை வரவில்லை.